நாற்றுத் தட்டின் மேல் தொங்கும் விளக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டுக்குள் கீரையும் நாற்றும் வளர்ப்பதற்குத் தாங்களே விளக்கு செய்து மாட்டிக்கொள்ள விரும்பும் வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சிலவற்றை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். மின்பணியாளர்களுக்குப் பல ஆண்டுகள் பயிற்சியளித்தவன் என்ற முறையில், இந்த ஆர்வத்தைத் தடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீட்டின் மற்ற விளக்குகள் கைக்கு எட்டாத உயரத்தில், காய்ந்த சுவரிலோ கூரையிலோ இருக்கின்றன. அவற்றை நாம் தொடுவதே அரிது. செடிக்கான விளக்கோ, ஈர மண்ணுக்கு ஒரு சாண் மேலே, பெரும்பாலும் உலோகச் சட்டத்தில், நாள்தோறும் 12 முதல் 16 மணி நேரம் எரிந்துகொண்டு, நனைந்த கையோடு நாம் நெருங்கும் இடத்தில் தொங்குகிறது. மற்ற விளக்கில் ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாமல் கிடக்கும் குறை, இதில் முதல் மாதத்திலேயே கையில் தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தின் பால்கனியில் வெயில் விழுவதில்லை. ஆகவே நான்கு தட்டு கொண்ட இரும்பு அலமாரியில் வெந்தயமும் கடுகும் முளைக்க வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் மேலே அலுமினியத் தகட்டில் 50 வாட் எல்இடி சில்லு ஒன்றைத் திருகிப் பொருத்த நினைக்கிறேன். "டிரைவர் தேவையில்லை, 220 வோல்ட்டில் நேராக எரியும்" என்று சொல்லி மலிவாக விற்கிறார்கள். வாங்கலாமா? (கோயம்புத்தூர் வாசகர் ஒருவர்)

பதில்: வாங்க வேண்டாம். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் வீட்டில் செய்யப்படும் செடி விளக்குகளில் நான் மிகவும் அஞ்சுவது இந்தச் சில்லைத்தான்.

டிரைவர் என்பது வீட்டு மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கருவி. அது தேவையில்லை என்றால் அதன் வேலையே அங்கே நடக்கவில்லை என்று பொருளல்ல. மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக மாற்றும் பகுதியும், அதைக் கட்டுப்படுத்தும் சிறு ஐசிக்களும், எல்இடிகளும் ஒரே அலுமினியத் தகட்டின்மேல் ஒட்டப்பட்டிருக்கின்றன என்றுதான் பொருள். நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தின் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட். அந்த 325 வோல்ட், சில்லின் முகப்பில் மூடியே இல்லாமல் மின்னும் ஈயப் பற்றுகளில் நிற்கிறது. பின்பக்கத்திலோ, செம்புத் தடத்துக்கும் அலுமினியத்துக்கும் நடுவே இருப்பது தாள் கனத்தில் ஒரு காப்புப் படலம் மட்டுமே. திருகு போட ஓட்டை துளைக்கும்போது எழும் ஒரு பிசிறு, சற்றுச் சாய்ந்து இறுகிய ஒரு திருகுத் தலை, மாதக்கணக்கில் ஏறி இறங்கும் சூடு, இவற்றில் ஏதேனும் ஒன்று அந்தப் படலத்தைக் கடந்துவிட்டால், உங்கள் அலுமினியத் தகடும் அது தொங்கும் இரும்பு அலமாரியும் சேர்ந்து ஃபேஸ் ஒயராகிவிடும். நீங்களோ அந்த அலமாரிக்குள் நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் தெளிக்கப்போகிறீர்கள்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. வீட்டில் மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறது என்ற தைரியத்தில் சிலர் இதை மாட்டுகிறார்கள். நேர்மின்னோட்டமாக மாறியபின் ஏற்படும் கசிவு, துடிப்புத் துடிப்பாக ஒரே திசையில் பாய்வது. பழைய வீடுகளில் பெரும்பாலும் இருக்கும் 'ஏசி' வகை ஆர்சிசிபி அத்தகைய கசிவை உணராமல் விட்டுவிடக்கூடும். 'ஏ' வகைதான் அதையும் உணரும்படி செய்யப்பட்டது. ஆகவே காவலன் இருக்கிறான் என்று நம்பிய இடத்திலேயே காவல் இல்லாமல் போகலாம்.

நீங்கள் வாங்க வேண்டியது 'ஐசோலேட்டட்' வகை டிரைவர். அதற்குள் ஒரு சிறு மின்மாற்றி இருப்பதால், சுவரிலிருந்து வரும் ஒயருக்கும் எல்இடிக்குச் செல்லும் ஒயருக்கும் இடையே உலோகத் தொடர்பு கிடையாது. ஆற்றல் மட்டும் காந்தப்புலத்தின் வழியாக அக்கரைக்குச் செல்கிறது. ஆனால் ஐசோலேட்டட் என்று எழுதியிருப்பதைப் பார்த்ததோடு நிறுத்தாமல், வெளியீட்டு மின்னழுத்தத்தையும் படியுங்கள். 36 வோல்ட் என்றோ 48 வோல்ட் என்றோ இருந்தால் நல்லது. 150 முதல் 300 வோல்ட் என்று எழுதிய டிரைவர்களும் கடையில் உண்டு, அவை வீட்டுக் கைவேலைக்கு உரியவை அல்ல. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் அதனோடு 'ஆர்' என்று தொடங்கும் பதிவெண்ணும் உறையில் மட்டுமன்றி டிரைவரின்மேலும் அச்சாகியிருக்க வேண்டும்.

இத்தனையும் சொன்னபின், என் சொந்தக் கருத்தையும் சேர்த்துவிடுகிறேன். முளைக்கீரைக்குத் தட்டுக்கு 50 வாட் தேவையே இல்லை. அலமாரியின் அகலம் இரண்டு, மூன்றடிதான் என்றால் 18 அல்லது 20 வாட் வெள்ளை எல்இடி பேட்டன் (டியூப்லைட் போன்ற நீள விளக்கு) ஒன்றை, செடிக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டாலே கீரை நன்றாக வரும். ஊதா நிற ஒளி கட்டாயமன்று. பேட்டனுக்குள்ளும் மின்சாரம் தனிப்படுத்தப்படாமல்தான் பெரும்பாலும் இருக்கும், ஆயினும் அதை நெகிழி உறை முழுவதுமாக மூடியிருக்கிறது. ஆகவே அதைத் திறக்காதீர்கள், வெட்டாதீர்கள், அலுமினியப் பட்டையை மட்டும் கழற்றி எடுத்துப் பயன்படுத்தாதீர்கள். தெளிப்பு நீர் படும் இடமென்றால் ஐபி65 என்று குறிக்கப்பட்ட, நீர் புகா பேட்டனையே கேட்டு வாங்குங்கள். சாதாரணப் பேட்டன் ஐபி20தான், அதாவது தண்ணீருக்கு எந்தப் பாதுகாப்பும் அதற்கு இல்லை.

கேள்வி: தக்காளி, மிளகாய் நாற்றுகளுக்காக 100 வாட் எல்இடிப் பலகையையும் டிரைவரையும் வாங்கி, அலுமினியச் சட்டத்தில் பொருத்தி, இரட்டை முள் பிளக் போட்டு எரிய வைத்துவிட்டேன். நன்றாக எரிகிறது, ஆனால் சட்டத்தைப் புறங்கையால் தடவினால் சுர்ரென்கிறது, டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிகிறது. பிளக்கைத் திருப்பிப் போட்டாலும் போகவில்லை. மூன்று முள் பிளக் போட்டு, எர்த் முள்ளை நியூட்ரலோடு இணைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார். செய்யலாமா? (சேலம் வாசகி ஒருவர்)

பதில்: அந்த அண்ணன் சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். இந்த யோசனை ஊர் ஊராகப் பரவியிருக்கிறது, இன்னும் உயிர்களை எடுத்துக்கொண்டிருக்கிறது. நியூட்ரல் ஒயர் ஒழுங்காக இருக்கும்வரை அது சரியானது போலவே தோன்றும். என்றைக்காவது சுவிட்ச் போர்டுக்குள்ளோ மீட்டர் பெட்டியிலோ நியூட்ரல் கழன்றுவிட்டால், விளக்கு அணைந்துவிடும். ஆனால் ஃபேஸ் மின்சாரம் டிரைவரின் வழியாகவே நியூட்ரல் முனைக்கு வந்து, அங்கிருந்து நீங்கள் போட்ட இணைப்பின் வழியே சட்டத்தில் ஏறி நிற்கும். விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்து, மின்சாரம் போய்விட்டது என்று எண்ணி, நீங்கள் கையை நீட்டுவது அப்போதுதான். பிளக்கில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் நியூட்ரல் கழல வேண்டிய அவசியமும் இல்லை. முதல் நொடியிலேயே சட்டம் முழுவதும் 230 வோல்ட்தான்.

இனி சுர்ரென்பதன் காரணத்துக்கு வருகிறேன். நல்ல டிரைவர்களில் மின்னிரைச்சலை வடிப்பதற்காக உள்ளீட்டு ஒயர்களுக்கும் உலோக உடலுக்கும் நடுவே சிறு மின்தேக்கிகளை வைத்திருப்பார்கள். எர்த் இணைக்கப்பட்டிருந்தால் அவற்றின் வழியாக வரும் சின்னஞ்சிறு மின்னோட்டம் மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லாவிட்டால், அந்த மின்தேக்கிகள் மின்னழுத்தத்தை இரண்டாகப் பங்கிட்டு, உடலை ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்க விட்டுவிடும். டெஸ்டர் மங்கலாக எரிவதும், பிளக்கைத் திருப்பினாலும் அப்படியே இருப்பதும் இதனால்தான். பாயக்கூடிய அளவு ஒரு மில்லிஆம்பியருக்கும் குறைவாகவே இருக்கும் என்பதால் இதனால் உயிருக்கு ஆபத்து வருவது அரிது. ஆயினும் உங்கள் சட்டத்தில் இருப்பது இந்த மெல்லிய மின்னோட்டம் மட்டும்தானா, அல்லது எங்கோ ஒயரின் காப்பு தேய்ந்து உண்மையிலேயே ஃபேஸ் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்பதை விரலால் பிரித்தறிய முடியாது. ஆகவே அந்த விளக்கை இன்றே பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

செய்ய வேண்டியது, டிரைவரிலிருந்து வரும் பச்சை–மஞ்சள் ஒயரைச் சட்டத்தோடு திருகி, மூன்று கோர் ஒயரில் மூன்று முள் பிளக் போடுவது. சட்டத்தில் வண்ணப்பூச்சு இருந்தால் திருகு உட்காரும் இடத்தில் அதைச் சுரண்டி, முனையில் லக் போட்டு, பல் வாஷர் வைத்து இறுக்குங்கள். பிளக்கின் எர்த் முள்ளுக்கும் சட்டத்தின் எந்த மூலைக்கும் இடையே மல்டிமீட்டரில் அரை ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். இந்தச் சோதனையை விளக்கு மின்சாரத்தில் இணைக்கப்படாத நிலையில் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது.

அதன்பின் சுவரிலுள்ள சாக்கெட்டைப் பார்க்க வேண்டும். மூன்று துளை இருப்பதாலேயே மூன்றாவது துளைக்குள் எர்த் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. எங்கள் வீட்டில் நாங்கள் குடிவந்து சில ஆண்டுகள் கழித்து ஒரு சாக்கெட் பெட்டியைத் திறந்தபோது, எர்த் ஒயர் குழாய்க்குள்ளேயே வெட்டி விடப்பட்டிருந்ததைக் கண்டேன். வீடு கட்டித் தந்தவர் அதை இணைக்கவே இல்லை. அத்தனை நாளும் குளிர்பதனப் பெட்டி அந்தச் சாக்கெட்டில்தான் இருந்தது. என் தொழிலே இதுவாக இருந்தும் சொந்த வீட்டைச் சோதிக்காமல் இருந்துவிட்டேனே என்ற வருத்தம் இன்னும் எனக்கு உண்டு.

மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் காட்டினால் எர்த் ஒயர் எங்கோ போய்ச் சேர்கிறது என்று தெரியும், அது எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் என்று தெரியாது. ஒரு மெல்லிய நூலிழை அளவு தொடர்பு இருந்தாலும் மீட்டர் 230 காட்டிவிடும். எர்த் குழியின் மின்தடையை அளப்பது உரிமம் பெற்ற ஒயர்மேனின் வேலை. அவரிடம் கேட்டு எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த எண் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. எர்த்தின் மொத்தத் தடை 10 ஓம் என்று கொள்வோம். சட்டத்தில் ஃபேஸ் தொட்டுவிட்டால் 230 வகுத்தல் 10, அதாவது 23 ஆம்பியர் மண்ணுக்குள் பாயும். கேட்பதற்குப் பெரிய அளவாகத் தோன்றும். ஆனால் அந்தச் சாக்கெட்டுக்கு 16 ஆம்பியர் எம்சிபி, அதாவது மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச், இருந்தால், 23 ஆம்பியரில் அது ஒரு மணி நேரமானாலும் விழாமல் இருக்கக்கூடும். அதன் தரநிலையே அதற்கு இடம் தருகிறது. அவ்வளவு நேரமும் சட்டம் கிட்டத்தட்ட முழு மின்னழுத்தத்தோடு நிற்கும். ஆகவே எர்த் மட்டும் போதாது, எம்சிபி மட்டும் போதாது. 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும். எர்த் ஒழுங்காக இருந்து ஆர்சிசிபியும் இருந்தால், நீங்கள் தொடுவதற்கு முன்பே, ஃபேஸ் சட்டத்தைத் தொட்ட அந்த நொடியிலேயே, மின்சாரம் துண்டிக்கப்பட்டுவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஆர்சிசிபி இருக்கிறது. செடி விளக்குகளைப் போட்டதிலிருந்து, முக்கியமாகக் காலையில் தண்ணீர் தெளித்தபின், அது விழுந்துகொண்டே இருக்கிறது. பார்க்க வந்தவர், அதை எடுத்துவிட்டு நேரடியாக இணைத்துத் தருவதாகச் சொல்கிறார். (திருநெல்வேலி வாசகர் ஒருவர்)

பதில்: தண்ணீர் தெளித்தபின் விழுகிறது என்று நீங்களே காரணத்தையும் எழுதிவிட்டீர்கள். அந்தக் கருவி உங்களிடம் ஒவ்வொரு காலையும் எங்கோ நனைகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அதன் வாயை அடைக்க வேண்டாம்.

ஆர்சிசிபி, ஃபேஸில் சென்ற மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பிய மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்பதை மட்டுமே பார்க்கிறது. திரும்பாத பங்கு வேறு ஏதோ வழியில், ஈரத்தின் வழியாகவோ ஒருவரின் உடல் வழியாகவோ மண்ணுக்குப் போகிறது. வறண்ட தோல் ஓரளவு காப்பாகும். நனைந்த கையோடு, வெறுங்காலோடு நிற்பவரின் உடல்தடை ஏறத்தாழ 1000 ஓமுக்கு இறங்கிவிடக்கூடும். அப்படியானால் 230 வோல்ட்டில் 230 மில்லிஆம்பியர் பாயும். பிடித்த பொருளை விட முடியாதபடி கைத்தசைகள் இறுகிக்கொள்வதற்கு 10 முதல் 16 மில்லிஆம்பியரே போதும். 30 மில்லிஆம்பியர் என்ற எல்லையை வைத்தது, இதயத்தின் துடிப்பு குலைவதற்கு முன் துண்டித்துவிட வேண்டும் என்பதற்காகத்தான்.

எங்கே நனைகிறது என்று கண்டுபிடிக்க, எல்லா விளக்குகளையும் பிளக்கிலிருந்தே எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் ஆர்சிசிபி விழும், சாக்கெட்டின் சுவிட்ச் நியூட்ரலைத் துண்டிப்பதில்லை. ஒரே விளக்கில் விழுந்தால் குறை அதில் இருக்கிறது: ஒயர் வழியாகத் தண்ணீர் ஒழுகி இணைப்புப் பெட்டிக்குள் இறங்கியிருக்கலாம். எந்தத் தனி விளக்கிலும் விழாமல் எல்லாம் சேர்ந்தால் மட்டும் விழுந்தால், முன்பு சொன்ன மின்தேக்கிக் கசிவுகள் ஒன்றுகூடியிருக்கலாம். 30 மில்லிஆம்பியர் என்று எழுதியிருந்தாலும், 15ஐத் தாண்டியதுமே விழ அதற்கு அனுமதி உண்டு. குளிர்பதனப் பெட்டி, கணினி, துவைக்கும் இயந்திரம் எல்லாவற்றின் கசிவும் அதே கணக்கில் சேரும் என்பதால், செடி அலமாரிக்கு மட்டும் தனியாக ஓர் ஆர்சிசிபியை, கூடுமானால் 'ஏ' வகையில், ஒயர்மேனைக் கொண்டு போட்டுக்கொள்வதே நல்ல தீர்வு. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். நீண்ட நாள் அசையாமல் இருந்தால் உள்ளே இறுகிப்போய்விடும்.

ஆர்சிசிபியும் செய்ய முடியாத ஒன்று உண்டு. ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் ஒருவர் பிடித்துவிட்டால், போனதும் வந்ததும் சமமாகவே இருப்பதால் அது சும்மா இருக்கும்.

கேள்வி: ஒயர் எந்த அளவு வாங்க வேண்டும், முறுக்கி டேப் சுற்றினால் போதுமா, டைமர் போடலாமா? தட்டைச் சுற்றி ஒளி சிதறாமலிருக்க அலுமினியத் தாள் ஒட்டலாமா? (திருச்சி வாசகர் ஒருவர்)

பதில்: 100 வாட் விளக்கு ஒன்று ஓர் ஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும் என்பதால் எவ்வளவு மெல்லிய ஒயரும் போதும் என்று கணக்கு சொல்லும். ஆனால் ஒயரைத் தேர்ந்தெடுப்பது விளக்கு எடுக்கும் மின்னோட்டத்துக்காக மட்டுமன்று. குறை நேரும்போது எம்சிபி விழும்வரை உருகாமல் தாங்குவதற்காகவும், இழுபட்டாலும் மிதிபட்டாலும் அறுந்துபோகாமல் இருப்பதற்காகவும்தான். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள, வெளியுறையோடு கூடிய, 1 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் ஒயரை வாங்குங்கள். அலங்கார விளக்குக்கு விற்கும் மெல்லிய இரட்டை ஒயர் இதற்கு வேண்டாம்.

முறுக்கி டேப் சுற்றுவது போதாது. நாளொன்றுக்கு 16 மணி நேரம் சூடாகி எட்டு மணி நேரம் ஆறும் இடத்தில் டேப்பின் பசை இளகி, ஓரம் பிரிந்து, சுருள் தளர்ந்துவிடும். தளர்ந்த இணைப்பு சூடாகும், சூடு மேலும் தளர்த்தும். வீடுகளில் தீ பிடிப்பதன் தொடக்கம் பல நேரம் இப்படி ஓர் இணைப்புதான். திருகு வைத்த கனெக்டரையோ நெம்பு வைத்த கனெக்டரையோ பயன்படுத்தி, அதை மூடியுள்ள பெட்டிக்குள் வையுங்கள். திருகின்கீழ் போகும் இழைகளுக்கு ஈயம் பற்றவைக்க வேண்டாம். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி விலகிக்கொடுக்கும், சில மாதங்களில் திருகு லொடலொடவென்றாகிவிடும். முனைக் குழல் போட்டு நசுக்கிச் சொருகுவதே முறை. தகட்டின் ஓட்டை வழியாக ஒயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையமும், உள்ளே ஒயரை இறுக்கிப் பிடிக்கும் பிடியும் வேண்டும். பெட்டிக்குள் எர்த் ஒயரை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விடுங்கள். யாராவது காலில் இடறி இழுத்துவிட்டால் ஃபேஸ் முதலில் பிடுங்கிக்கொள்ளும், எர்த் கடைசியாகத்தான் அறும்.

டிரைவரைத் தட்டுகளுக்கு மேலேயோ பக்கவாட்டிலோ, காற்றுப் படும் இடத்தில், தெளிப்பு எட்டாதபடி வையுங்கள். ஒயர் சாக்கெட்டுக்குள் போகும் முன் அதைவிடத் தாழ்ந்து ஒரு வளைவு வளைந்து பிறகு மேலேறட்டும். ஒயர் வழியே இறங்கும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில், தட்டின் அடியில் வைக்கும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். விளக்கின் கனத்தைச் சங்கிலி தாங்க வேண்டும், ஒயர் தாங்கக் கூடாது.

அலுமினியத் தாள் வேண்டாம். அது மின்கடத்தி, ஒரு மூலை பிரிந்து கனெக்டருக்குள் நுழைந்தால் போதும். தெர்மாகோலும் அட்டைப் பெட்டியும் எரியக்கூடியவை என்பதால் அவையும் வேண்டாம். சுவருக்கு அடிக்கும் வெள்ளை வண்ணமே ஒளியை நன்றாகத் திருப்பித் தருகிறது.

டைமர் போடலாம். ஆனால் எல்இடி டிரைவர்கள் எரியத் தொடங்கும் கணத்தில், வழக்கமாக எடுப்பதைப்போல் பல மடங்கு மின்னோட்டத்தை ஒரு நொடியின் சிறு பகுதிக்கு இழுக்கின்றன. டைமரின்மேல் 16 ஆம்பியர் என்று எழுதியிருப்பது இஸ்திரிப் பெட்டி போன்ற சுமைகளுக்கு. பல டிரைவர்களை ஒரே டைமரில் மாட்டினால் உள்ளே உள்ள தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டு, விளக்கு அணையாமலே எரியும். புதிதாகச் செய்த விளக்கை முதல் நாள் நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் நான்கைந்து மணி நேரம் எரியவிட்டு, பிறகு பிளக்கைக் கழற்றி, அதன் நெகிழி உடலைத் தொட்டுப் பாருங்கள். முள்ளைத் தொட வேண்டாம்; மின்தேக்கியில் மிச்சம் இருக்கலாம். பிளக் சூடாக இருந்தால் உள்ளே ஏதோ இணைப்பு தளர்ந்திருக்கிறது.

கேள்வி: இங்கே 13 ஆம்பியர் சதுர முள் பிளக்தான். அதற்குள் இருக்கும் ஃபியூஸை மாற்ற வேண்டுமா? (யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்)

பதில்: ஆம். கடையில் வாங்கும் பிளக்கில் பெரும்பாலும் 13 ஆம்பியர் ஃபியூஸ்தான் இருக்கும். விளக்குக்கு 3 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். அந்த ஃபியூஸ் ஒயரைக் காப்பதற்கு. உங்களைக் காப்பது நீங்கள் ட்ரிப் சுவிட்ச் என்று சொல்லும் கருவிதான். மேலே ஆர்சிசிபி பற்றி எழுதிய அனைத்தும் அதற்கும் பொருந்தும்.

கேள்வி: குளிர்காலத்தில் கறிவேப்பிலைச் செடியை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறோம். வெளிச்சம் போதாமல் இலை கொட்டுகிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த எல்இடி டிரைவரையும் பலகையையும் வைத்து, என் கணவர் விளக்கு செய்யப்போகிறார். அவர் ஊரில் ஒயரிங் வேலை தெரிந்தவர். கவனிக்க வேண்டியது என்ன? (டொராண்டோவிலிருந்து ஒரு வாசகி)

பதில்: உங்கள் கணவர் வேலை தெரிந்தவர் என்பதாலேயே முதலில் இதைச் சொல்கிறேன். தமிழ்நாட்டு வீடுகளின் சுவருக்குள் கருப்பு ஒயர் என்றால் நியூட்ரல். கை அதைப் பழகியிருக்கும். கனடாவில் கருப்புதான் மின்சாரம் வரும் ஒயர், வெள்ளை நியூட்ரல், பச்சையோ காப்பில்லாத வெறும் செம்போ எர்த். பழகிய கை தவறும் இடம் இது.

இரண்டாவதாக, அங்கே வருவது 120 வோல்ட். 220–240 வோல்ட் என்று மட்டும் குறித்த டிரைவர் எரியாது அல்லது மினுக்கும். 100 முதல் 277 வோல்ட் வரை ஏற்கும் டிரைவர் எரியும். ஆனால் எரிவதால் மட்டும் அது சரியாகிவிடாது. ஒன்டாரியோவில் மின்சாதனங்களுக்கு அங்கே ஏற்கப்பட்ட சான்று முத்திரை, எடுத்துக்காட்டாகச் சிஎஸ்ஏ அல்லது சியூஎல், இருக்க வேண்டும் என்பது விதி. ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்ததில் அது இருக்காது. பிளக்குக்கு மாற்றுக்கட்டை போடும்போது எர்த்தும் பெரும்பாலும் விட்டுப்போகும்.

ஒரு கறிவேப்பிலைச் செடிக்காக இவ்வளவு பாடுபட வேண்டாம் என்பது என் எண்ணம். முத்திரையுள்ள செடி விளக்குக் குமிழ் ஒன்றை, முத்திரையுள்ள கவ்விப் பிடிக்கும் விளக்குத்தாங்கியில் போட்டு, ஜிஎஃப்சிஐ சாக்கெட்டில் சொருகுங்கள். அந்தச் சாக்கெட் ஏறத்தாழ 5 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும், நம் ஊர் ஆர்சிசிபியைவிட இன்னும் கூர்மையானது. தாங்கியில் எழுதியிருக்கும் வாட் அளவைத் தாண்டாதீர்கள். செடியைக் கண்ணாடிச் சன்னலின் குளிரிலிருந்து சற்று உள்ளே நகர்த்தியும் வையுங்கள். இலை கொட்டுவதற்கு இருட்டு மட்டுமே காரணமாக இருப்பதில்லை.

கேள்வி: அறிவியல் கண்காட்சிக்கு எட்டாம் வகுப்பு மாணவர்கள், மூடிய பெட்டிக்குள் விளக்கொளியில் பயறு வளர்த்துக் காட்ட விரும்புகிறார்கள். எப்படிச் செய்யச் சொல்லலாம்? (விழுப்புரம் மாவட்ட ஆசிரியை ஒருவர்)

பதில்: மிகவும் மகிழ்ச்சி. ஆனால் மாணவர்களின் கைக்கு 230 வோல்ட் வரவே கூடாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு முத்திரையுள்ள 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்றையும் 12 வோல்ட் வெள்ளை எல்இடிப் பட்டையையும் வாங்குங்கள். அடாப்டர் தருவது 24 வாட்; பட்டையின் அட்டையில் மீட்டருக்கு எத்தனை வாட் என்று பார்த்து, மொத்தம் 19 வாட்டைத் தாண்டாதபடி நீளத்தை வெட்டிக்கொண்டால் அடாப்டர் சூடேறாது. வெட்டுவதற்கென்று கோடு போட்ட இடத்தில் மட்டுமே வெட்ட வேண்டும். பட்டையைச் சுருளாகச் சுற்றியபடியே எரியவிட்டால் நடுவில் சூடு தேங்கிக் கருகும்; பெட்டியின் மூடிக்குள் வரிவரியாக ஒட்டச் சொல்லுங்கள். 12 வோல்ட் உடலுக்குத் தீங்கு செய்யாது என்றாலும், இரு முனைகளும் தொட்டுக்கொண்டால் ஒயர் சுடும் என்பதை மாணவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடாப்டர் இருக்கும் சாக்கெட்டை நீங்களே போட்டு அணையுங்கள். அது தண்ணீர்க் குவளைகள் இருக்கும் மேசையில் இல்லாமல் சுவரிலேயே இருக்கட்டும். கண்காட்சி நடக்கும் அறைக்கான மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதை முதல் நாளே போய்ப் பார்த்து, உங்களோடு நிற்கும் இன்னோர் ஆசிரியருக்கும் காட்டிவையுங்கள். வேறு யாருடைய மேசையிலாவது ஒரு பிள்ளைக்கு மின்சாரம் தாக்கிவிட்டால், அவனைத் தொடாமல் ஓடிச்சென்று அணைக்க வேண்டியது அந்த மெயினைத்தான். அணைக்க முடியாவிட்டால், காய்ந்த மரக்கட்டையாலோ நெகிழி நாற்காலியாலோ அவனைத் தள்ளி விலக்குங்கள். மூச்சு இல்லையென்றால் ஒருவர் 108ஐ அழைக்கட்டும், மற்றவர் உடனே நெஞ்சின் நடுவே இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்கட்டும், ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல்.